அரக்குக்கை நப்பின்னையார் பொருட்டுக் கீழ்மடைக்கு விடுத்த திருமுகம்

மழை பிழையாத மலைகளை மேற்கெல்லையாகவும் உப்பு விளையும் கடற்கரையைக் கீழெல்லையாகவும் கொண்ட நீள்கரை நாட்டை, முகிலூர்க் கோட்டையில் வீற்றிருந்து காக்கும் கோ நிறைமதித் தேவி, நம் ஏரிகளுக்கும் ஆறுகளுக்கும் அமைச்சராய் நின்று, இந்நாளில் கீழ்மடை ஊரில் சுவர் எழுப்புவோருடன் சேறு மிதித்துக்கொண்டிருக்கும் வேளான் வயிரமேகருக்கு விடுக்கும் திருமுகம்.

உமக்கு நலம் விளைக. உம்மைத் தம்முள் ஒருவராய் ஏற்றுச் சோறிட்டுவரும் கீழ்மடைப் பெருமக்களுக்கும், அவர்தம் ஆநிரைக்கும், வெள்ளம் வடிந்த வயலில் அவர்கள் மறுபடி இடப்போகும் விதைக்கும் நலம் விளைக. அவ்வூர்த் தலைவர் பொத்தியார்க்கு நம் வணக்கத்தைத் தனியே சொல்லுக. அரியணையில் இருப்போர் ஊர்த்தலைவர்க்கு வணக்கம் எழுதும் வழக்கம் இல்லையே என்று ஓலை எழுதுவோர் தயங்கினர். எழுதுக என்றோம், எழுதியிருக்கிறார்கள்.

நீர் ஆளிடம் கொடுத்தனுப்பிய பட்டுமுடிச்சும், அதனுள் இருந்த உம் முத்திரை மோதிரமும் பழுதின்றி வந்து சேர்ந்தன. உம் அரக்குக்கையாகிய நப்பின்னையாரை நாடு கடத்துவதாயின் உம் பதவியையும் உடன் எடுத்துக்கொள்க என்று நீர் எழுதியிருந்த வரியையும் கண்டோம். கண்டதும் சினம் வந்தது என்பதை மறைக்க விரும்பவில்லை. ஆயினும் தமக்காகப் பதவியையே கழற்றி வைக்கும் ஒருவரைப் பெற்றவர் நற்பேறு பெற்றவர் என்று சினத்தின் நடுவிலும் தோன்றியது. நப்பின்னையாரின் கதி என்னவாயிற்று என்பதை முதல் வரியிலேயே சொல்லிவிட்டால், நீர் ஓலையை மடித்துக் கூரையில் செருகிவிட்டு மண் குழைக்கப் போய்விடுவீர். உம் இயல்பு நமக்குத் தெரியும். எனவே அதனை அதற்குரிய இடத்தில் வைத்திருக்கிறோம். பொறுமையாய்ப் படித்து வருக.

இவ்வோலை உமக்கு மட்டும் உரியதன்று. இதன் படிகள் எல்லா அமைச்சர்களின் மன்றங்களிலும் உரக்க வாசிக்கப்படும். ஆதலின் நீர் அறிந்தவற்றையும் இதில் எழுதுவித்தோம். கேட்ட கதையையே கேட்கிறோமே என்று சலித்துக்கொள்ள வேண்டா.

நம் நாட்டில் அமைச்சர் எவரும் தனியே முத்திரை இடுவதில்லை. மோதிரம் அமைச்சரின் விரலில் இருக்கும்; முத்திரைக்கு வேண்டிய அரக்கு மற்றொருவரின் கையில் இருக்கும். அவரையே அரக்குக்கை என்கிறோம். அவர் அரசின் அலுவலர் அல்லர். அமைச்சர் தம் நம்பிக்கைக்கு உரியவராகத் தாமே தேர்ந்து அழைத்து வருபவர்; அமைச்சரோடு வருவார், அமைச்சரோடு போவார். அவையில் அவருக்கு இருக்கையும் இல்லை, பேச்சும் இல்லை. தீச்சட்டியும் அரக்குக் குச்சியுமாக அமைச்சரின் இடத்தோளுக்குப் பின்னே நிற்பார். இடப்போகும் ஆணை தவறென்று அவருக்குத் தோன்றினால், அதைப் பலர் முன் சொல்லி அமைச்சரைத் தலைகுனிய வைத்தல் ஆகாது. அரக்கு இன்னும் உருகவில்லை என்று மட்டும் சொல்வார். அச்சொல் கேட்டதும் அமைச்சர் எழுந்து உள்ளறைக்குச் செல்ல வேண்டும். அங்கே அரக்குக்கை தம் மனத்தில் உள்ளதையெல்லாம் கொட்டித் தீர்க்கலாம். அதன்பின்னும் அமைச்சர் கேட்டால் அரக்கைக் கொடுத்தே ஆக வேண்டும். தீச்சட்டி எந்நேரமும் கனன்றுகொண்டிருப்பதும், அரக்கு உருகக் கண்மூடித் திறக்கும் நேரம் போதும் என்பதும் அவையில் எல்லார்க்கும் தெரியும். தெரிந்தும் எவரும் சிரிப்பதில்லை.

இவ்வழக்கை அடியோடு ஒழிக்க வேண்டும் என்று நம் ஓலைநாயகம் கூத்தன் ஆதிரையார் விண்ணப்பம் கொண்டுவந்தார். கூத்தர், நம் தந்தையார் காலந்தொட்டு அரசின் அலுவலர் அனைவர்க்கும் தலைவராய் இருப்பவர். ஓர் எழுத்துப் பிசகினாலும் ஓலையை இரண்டாய் முறித்துப் போடுபவர். அவரிடம் திட்டு வாங்காத அலுவலர் இந்நாட்டில் இல்லை. அவர்களுக்கு ஒரு குறை என்றால் முன்னே வந்து நிற்பதும் அவரே. அவர் அவையில் சொன்னதாவது: முதுகு வளைய உழைத்து நரைத்த அலுவலர்கள் அமைச்சரின் வாயிலில் காத்துக்கிடக்க, எந்த வேலையும் பார்த்தறியாத ஒருவர் உள்ளே யாரை விடலாம், யாரை நிறுத்தலாம் என்று முடிவு செய்கிறார், பிழை நேர்ந்தால் அலுவலர் மறுமொழி சொல்கிறார், அமைச்சர் மறுமொழி சொல்கிறார், அரக்குக்கையை மட்டும் யாரும் கேட்பதில்லை, இத்தகையோரில் தலையாயவர் வயிரமேகரின் நப்பின்னையார், வெள்ள நாளில் அவர் மோதிரம் இல்லாமலேயே மோதிரத்தின் பேரால் ஆணையிட்டார், அதற்குரிய தண்டம் நாடு கடத்துதலே என்றார்.

இனி அவ்வெள்ள நாளைப் பற்றி. பெருமடு ஏரி நிரம்பித் தளும்பியபோது, மேலைக் கரையை ஓரிடத்தில் வெட்டிவிட்டாலன்றி முகிலூர் நீரில் மூழ்கும் என்றும், வெட்டத்தக்க இடம் கீழ்மடைக்கு மேலே உள்ளது ஒன்றே என்றும் நம் ஏரி அலுவலர்கள் சொன்னார்கள். அவர்கள் சொன்னது முற்றிலும் சரி. இதனை இங்கே அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. பின்னாளில் இக்கதையைச் சொல்வோர், அலுவலர் அறியாததை அரக்குக்கை அறிந்தார் என்று கூட்டிக் குறைத்துச் சொல்லக்கூடும். நீரைப் பற்றி அறிய வேண்டியதை எல்லாம் அலுவலர்கள் அறிந்திருந்தார்கள். அவர்களுக்கு நம் நன்றி உரியது.

ஊரார் வெளியேறுக, கரை வெட்டப்படும் என்னும் ஓலை எழுதப்பட்டு, நீர் மோதிரக் கையை நீட்டியபோதுதான் உம் பின்னால் நின்றவர் அரக்கு இன்னும் உருகவில்லை என்றார். மழை கொட்டும் வேளையில் இதென்ன விளையாட்டு என்று அலுவலர்கள் பல்லைக் கடித்ததாகக் கேட்டோம். உள்ளறையில் அவர் உமக்குச் சொன்னதை நீர் நமக்கு எழுதியிருக்கிறீர். நப்பின்னையார் உப்பு வணிகர் குடியில் பிறந்தவர்; வண்டியோடு ஊர் ஊராய்ப் போய் வளர்ந்தவர்; எந்த ஊர் எதற்குச் சிரிக்கும், எதற்குக் கம்பெடுக்கும் என்று அறிந்தவர். அவர் சொன்னாராம்: இந்த ஊரின் கரை தேவியின் தந்தையார் காலத்திலும் ஒருமுறை வெட்டப்பட்டது, அப்போதும் ஓர் ஓலைதான் வந்தது, மேட்டுப்பக்கம் மாற்று நிலம் தருவோம் என்று அதில் எழுதியிருந்தது, நிலம் வரவில்லை. இன்றைக்கும் அவ்வூரில் பெண் கேட்டு வருவோரிடம், உங்கள் நிலம் மண்ணில் இருக்கிறதா ஓலையில் இருக்கிறதா என்றுதான் முதலில் கேட்கிறார்கள். அவர்களிடம் மறுபடி ஓர் ஓலை போனால் குடும்பத்தோடு கரைமேல் வந்து உட்கார்ந்துகொள்வார்கள். அவர்களை எழுப்பப் படை போகும். ஆகவே ஓலை போக வேண்டா, நீரே போக வேண்டும் என்றாராம்.

நீர் எழுதிய ஓலையை அப்படியே போட்டுவிட்டு மோதிரத்தோடு குதிரையேறினீர். அமைச்சர் ஒருவர் தாம் சொல்லவந்ததை விட்டுவிட்டுப் பிறர் சொல்லைக் கேட்டுப் புறப்படுவது எளிதன்று. நம்மால் இயன்றிருக்குமா என்று நாம் எண்ணிப் பார்த்தோம். விடை நமக்கு அவ்வளவாகப் பிடிக்கவில்லை.

பிழை நேர்ந்தது இதற்குப் பிறகு. ஏரிக்கரையில் உள்ள கல்நந்தியின் கழுத்தை வெள்ளம் தொட்டால், வேறு ஆணைக்குக் காத்திராமல் கரையை வெட்டலாம் என்பது கரைக்காவலர்க்கு என்றுமுள்ள ஆணை. நீர் இன்னும் வழியில் இருக்கையிலேயே நந்தியின் கழுத்தை வெள்ளம் தொட்டுவிட்டது என்னும் செய்தி உம் மன்றத்துக்கு வந்தது. கீழ்மடையில் அப்போது எல்லாரும் மழைக்கு அஞ்சி வீட்டுக்குள் ஒடுங்கியிருந்தார்கள், குழந்தைகள் உட்பட. மன்றத்தில் நீர் இல்லை, மோதிரம் இல்லை. நப்பின்னையார் ஓர் ஓட்டக்காரரை அழைத்து, அமைச்சர் கீழ்மடை சேர்ந்து ஊரார் மேடேறும்வரை கரையில் கை வைக்க வேண்டா என்பது அமைச்சரின் சொல் என்று சொல்லி அனுப்பினார். நீர் அப்படி எதுவும் சொல்லியிருக்கவில்லை. காவலர்கள் மண்வெட்டியைக் கீழே வைத்தார்கள்.

அதற்குள் நீர் கீழ்மடை சேர்ந்து, ஊராரை வெளியே அழைத்து, அவர்கள் நடுவே நனைந்த துணியோடு நின்று, நடக்கப்போவதை ஒளிக்காமல் சொன்னீர். பொத்தியார் ஒன்றே ஒன்று கேட்டார் என்று எழுதியிருக்கிறீர். தண்ணீர் வந்த பிறகு நீர் இங்கே இருப்பீரா, குதிரையில் ஏறிப் போய்விடுவீரா என்று அவர் கேட்க, கடைசி வீட்டின் சுவர் எழும்வரை இவ்வூரை விட்டுப் போவதில்லை என்று நீர் வாக்களித்தீர். அதன்பின் மாடுகள் மேட்டுக்குப் போயின. முதியோரைத் தோளில் சுமந்துபோனார்கள். எல்லாரும் ஏறியாயிற்று என்று தெரிந்ததும் பொத்தியாரே கரைமேல் ஏறி முதல் வெட்டு வெட்டினார். தம் வீட்டைத் தாமே நீருக்குக் கொடுத்த அம்மக்களின் முன் இவ்வரியணை சிறியது. அவர்கட்கு எப்படி நன்றி சொல்வது என்று தெரியாமல்தான் மேலே வணக்கம் எழுதுவித்தோம்.

ஆனால் காவலர்கள் காத்திருந்த அந்த நேரத்திற்கு விலை கொடுத்தவர்களும் உண்டு. முகிலூரின் தாழ்ந்த பகுதியான குயவர் தெருவில் நீர் புகுந்தது. சூளைகள் மூழ்கின, சுடாத பானைகள் எல்லாம் மறுபடி களிமண்ணாயின, சுவர்கள் சரிந்தன. உயிர் போகவில்லை. எனினும் தங்கள் தெருவைப் பணயம் வைக்க உப்பு வணிகர் மகளுக்கு யார் உரிமை கொடுத்தது என்று குயவர்கள் கேட்பது முறையே.

இதனையே கூத்தர் அவையில் கேட்டார். நப்பின்னையார் அழைத்துவரப்பட்டார். அமைச்சர் சொல்லாததை அமைச்சரின் சொல் என்று கூறினீரா என்று வினவினோம். கூறினேன் என்றார். கீழ்மடையில் இருந்த உயிர்களைப் பற்றி ஒரு வார்த்தையும் எடுக்கவில்லை. நாமே எடுத்துக் கொடுத்தும், கேட்கப்பட்டது அதுவன்று என்று நின்றுவிட்டார். அப்போது கூத்தர் சொன்னது நெஞ்சில் தைத்தது. இன்று இவர் சொன்ன பொய் உயிர் காத்தது. நாளை வேறொருவர் வேறொரு நோக்கத்தோடு அமைச்சரின் சொல் என்பார். கரையில் நிற்கும் காவலன் எதை நம்புவான் என்றார்.  அது மெய் என்றே நாமும் ஒப்பினோம்.

கூத்தர் அங்கே நிறுத்தியிருக்கலாம். அவரோ அதற்கும் மேலே போய், அரக்குக்கையார் எல்லாரும் தாமதத்தைத் தம் வலிமைக்காகவே வைத்திருக்கிறார்கள் என்றும், உருகவில்லை என்னும் சொல் நாட்டுக்காகச் சொல்லப்படுவதன்று, தம் பிடியைக் காட்டவே சொல்லப்படுவது என்றும், தம் தலைக்கு வந்தால் அச்சொல்லையே இவரும் கேடயமாய்ப் பிடிப்பார் என்றும் உரைத்தார். உம் நப்பின்னையாருக்கு நாக்கு கொஞ்சம் நீளம் என்பதும், அலுவலர்களை வாயிலில் நிறுத்திவைப்பதில் அவருக்கு ஒரு மகிழ்ச்சி உண்டு என்பதும் உண்மையே. ஆகவே அவையில் பல தலைகள் ஆடின. ஓரிரு முறை நம் தலையும் ஆடியிருக்கலாம்.

நாடு கடத்தும் ஓலையை எழுதச் சொன்னோம். எழுதி வந்தது. நம் அவையில் அரக்குக்கை என்று எவரும் இல்லை. அரசர்க்கு அது வேண்டா என்று முன்னோர் எண்ணிவிட்டார்கள் போலும். விளக்கேற்றும் பணியாளரே அரக்கையும் உருக்கித் தருவார். அன்று அவர் குச்சியை எடுத்தபோது நமக்குள் ஏதோ ஒரு குறும்பு, அல்லது சினம், இரண்டில் எதுவென்று இப்போதும் தெரியவில்லை, அக்குச்சியை நப்பின்னையாரிடம் கொடுக்கச் சொன்னோம். உம் கைக்குப் பழகியதுதானே, நீரே உருக்குக என்றோம்.  தம்மை நாட்டைவிட்டு அனுப்பும் ஓலைக்குத் தாமே அரக்கு உருக்க வேண்டும். உருகவில்லை என்று அவர் சொன்னால் நாம் எழுந்தாக வேண்டும். நீர் கீழ்மடையிலிருந்து வந்து சேரும்வரைகூட அதை இழுத்திருக்கலாம். அதே வேளை, அதைச் சொன்ன நொடியில் கூத்தரின் இரண்டாம் குற்றச்சாட்டு எல்லார் கண்முன்னும் மெய்யாகிவிடும். சொல்வார் என்றே நாம் எதிர்பார்த்தோம்.

அவர் குச்சியை வாங்கித் தணலில் காட்டினார். அது உடனே உருகியது. உருகியதும் நீட்டினார். அரக்கு உருகிவிட்டது தேவி என்றார். கண்ணில் நீர் நின்றது. நாம் உடனே ஓலையை நீட்டாததால் ஒரு துளி தரையில் விழுந்தது. அதன் கறை இப்போதும் அங்கே இருக்கிறது. துடைக்க வேண்டா என்று சொல்லியிருக்கிறோம்.

வேறு வழியின்றி மோதிரக் கையைத் தூக்கினோம். அப்போது நம் பின்னாலிருந்து, தேவி, அரக்கு இன்னும் உருகவில்லை என்று ஒரு குரல் கேட்டது. திரும்பிப் பார்த்தால் கூத்தர் நிற்கிறார்.

அமைச்சரே, அந்நேரம் எங்கள் முகங்களைப் பார்க்க நீர் இல்லாமல் போனது பெரிய இழப்பு. அரக்கோ எல்லார் கண்முன்னும் சொட்டிக்கொண்டிருக்கிறது. அச்சொல்லைச் சொல்லும் உரிமை கூத்தருக்குக் கடுகளவும் இல்லை. தம் இடத்தை மீறி ஒருவர் பேசினார் என்று வழக்குக் கொண்டுவந்தவர், தம் இடத்தை மீறித் தாமே பேசிவிட்டு வியர்த்துப்போய் நிற்கிறார். ஆயினும் சொல் வந்துவிட்டால் எழுந்து உள்ளறைக்குப் போவதுதானே வழக்கு. நமக்கு அப்படி ஓர் அறையே இல்லை. திரைக்குப் பின்னால் வெண்குடைகளைச் சாத்தி வைக்கும் மூலையில் போய் நின்றோம்.

அங்கே அவர் சொன்னது இது. இவர் தமக்கென்று தாமதிப்பார் என்று நான் சொன்னேன். தாமதம் இவர் கையிலேயே கொடுக்கப்பட்டும் இவர் தமக்கென்று அதைத் தொடவில்லை. என் விண்ணப்பத்தில் பாதி பொய்யாயிற்று. பாதி பொய்யான விண்ணப்பத்தின்மேல் எழுதிய ஓலையில் தேவியின் மோதிரம் விழக் கூடாது. மற்றப் பாதி அப்படியேதான் நிற்கிறது; அதை நான் விடமாட்டேன் என்றார்.  தம் விண்ணப்பத்தைத் தாமே முறித்துப் போட இத்தனை ஆண்டுகளில் அவரை நாம் கண்டதில்லை.

நாம் முடிசூடிய நாள் முதல் இன்றுவரை எத்தனையோ ஓலைகளுக்கு முத்திரை இட்டிருக்கிறோம். அரக்கு உருகவில்லை என்று ஒருவரும் நம்மிடம் சொன்னதில்லை. அவற்றுள் எத்தனை ஓலைகள் இன்னும் சற்றுத் தணலில் இருந்திருக்க வேண்டியவையோ, யார் அறிவார். கீழ்மடைக்குப் போன எம் தந்தையாரின் ஓலைக்கும் அப்படி ஒருவர் இருந்திருந்தால், நிலத்தைக் கொடுத்துவிட்டு ஓலையை எழுதுக என்று சொல்லியிருப்பார். கூத்தரின் கையைப் பற்றி அங்கேயே நன்றி சொன்னோம். அவர் கூச்சத்தோடு குடைகளைப் பார்த்துக்கொண்டு நின்றார். நப்பின்னையாரிடம் நம் அரக்குக்கையாய் வருகிறீரா என்றும் கேட்டுப் பார்த்தோம். வயிரமேகரோடு வந்தேன், வயிரமேகரோடே போவேன் என்று மறுத்துவிட்டார். இதைக் கேட்டு நீர் தலைகனம் கொள்ள வேண்டா.

ஆகவே நம் ஆணை வருமாறு.

நப்பின்னையார் நாடு கடத்தப்படார். அரக்குக்கை என்னும் வழக்கு ஒழிக்கப்படாது. தம் சொந்தக் கண்ணால் மட்டும் பார்க்கும் அமைச்சர், அலுவலர் எத்துணைச் சிறந்தவராயினும், மக்களின் முகத்தை ஓலையிலேயே பார்த்துக்கொண்டிருப்பார். உரிமையோடு தோளைத் தட்டி நிறுத்தும் ஒருவர் அவர்க்கு வேண்டும்.

எனினும் இன்றுமுதல் எந்த அரக்குக்கையாரும் எந்த அலுவலர்க்கும் ஆணையிடலாகாது. அமைச்சரின் சொல் என்று வாயால் வந்தால், அதைக் கேட்கும் கடமை எந்தக் காவலனுக்கும் இல்லை. அமைச்சர் ஊரில் இல்லாதபோது இடர் நேருமாயின் ஓலைநாயகத்திடம் போக வேண்டும். அவர் எந்நேரத்திலும் எழுந்து கேட்க வேண்டும். இதற்குக் கூத்தர் ஒப்பியிருக்கிறார், சற்று முணுமுணுப்போடு. அமைச்சரைக் காண வரும் தலைமை அலுவலரை அரக்குக்கையார் வாயிலில் நிறுத்தலாகாது. அரக்குக்கையார் இன்னார் என்பது அவையில் பேர் சொல்லி அறிவிக்கப்படும். அவரால் நேர்ந்த பிழைக்கு அவரை அழைத்து வந்த அமைச்சரே மறுமொழி சொல்ல வேண்டும். நீர் மோதிரத்தைக் கழற்றி அனுப்பியதை அத்தகைய மறுமொழியாகவே கொண்டோம். நிபந்தனையாகக் கொண்டிருந்தால் இவ்வோலையின் நடை வேறாக இருந்திருக்கும்.

கீழ்மடையார்க்கு எம் தந்தையார் சொன்ன மேட்டு நிலம் இவ்வோலை உமக்கு வந்து சேருமுன்பே எல்லைக்கல் நட்டு அவர்களிடம் ஒப்படைக்கப்பட்டிருக்கும். அவ்வாறு ஆகியிராவிட்டால் இவ்வோலையை அவர்களிடம் படித்துக் காட்ட வேண்டா. முதலில் கல்லை நடுவித்துவிட்டுப் பிறகு படிக்கவும்.

இனி நம் அவையிலும் நம் இடத்தோளுக்குப் பின்னே ஒருவர் நிற்பார். தக்கவரைத் தேடுகிறோம், நாம் சொன்ன பெயர்களையெல்லாம் கூத்தர் இவர் முகத்துதி செய்பவர், இவர் அஞ்சுபவர் என்று தள்ளிக்கொண்டே வருகிறார். ஆள் அமையும்வரை நீரே நில்லும் என்று தீச்சட்டியை அவர் கையில் கொடுத்துவிட்டோம். கொடுத்தது தவறோ என்று இப்போது தோன்றுகிறது. ஏனெனில் நேற்று இவ்வோலையின் முதற்படி முடிந்து மோதிரக் கையை நீட்டியபோது அவர் அரக்கு இன்னும் உருகவில்லை என்றார். குடைமூலைக்குப் போய்க் கேட்டால், நப்பின்னையார்க்குத் தண்டம் ஒன்றும் எழுதவில்லையே, மற்றப் பாதி என்னவாயிற்று என்கிறார். அன்று நப்பின்னையாரின் சொல்லால் உயிர் பிழைத்தவரை நினைத்த மகிழ்ச்சியில் நாம் மறந்தே போனோம்.

ஆகவே எழுதுகிறோம். நப்பின்னையார் குயவர் தெருவில் போய்த் தங்கி, அங்குள்ள கடைசிச் சூளை மறுபடி புகையும்வரை அவர்களோடு மண் சுமக்க வேண்டும். அவர்கள் திட்டுவதையெல்லாம் மறுமொழி பேசாமல் கேட்க வேண்டும். மண் சுமப்பதைவிட மறுமொழி பேசாமல் இருப்பதே அவருக்குப் பெருந்தண்டம் என்பதை நீரும் அறிவீர், நாமும் அறிவோம். இதைச் சொல்லக் கேட்டதும் அவர் நேற்றே போய்விட்டார். நீர் அங்கே சுவர் எழுப்பி முடிக்கும் நாளும் அவர் இங்கே சூளை மூட்டும் நாளும் ஏறக்குறைய ஒன்றாகவே வரும். அதன்பின் இருவரும் உம் மன்றத்துக்குத் திரும்புக, ஏரிகள் காத்திருக்கின்றன.

உம் மோதிரத்தை இதனுடன் திருப்பி அனுப்பியிருக்கிறோம். விரலில் சேறு இருந்தால் கழுவிவிட்டு அணிந்துகொள்க. முத்திரை விழாத அந்த நாடு கடத்தும் ஓலையும் இதனுடன் இருக்கிறது. அதை வைத்துப் பேணாமல், உம் அரக்குக்கையார் அடுத்த முறை மூட்டும் தணலில் போட்டுவிடுக.

வயிரமேகரே, இத்தகைய ஒருவரை உம்முடன் அழைத்து வந்ததற்கும், அவர் சொன்னபோது எழுந்து போனதற்கும் நாடு உமக்குக் கடன்பட்டிருக்கிறது. இதனை அரசியாகவும் சொல்கிறோம், அன்று குடைகளின் நடுவே நின்று கற்றுக்கொண்ட ஒருத்தியாகவும் சொல்கிறோம்.

ஏரி நிறைக, கரை நிற்க, கரையோரத்தார் அச்சமின்றி உறங்குக. இவ்வாணை நீள்கரை நாடெங்கும் செல்வதாகுக. முகிலூர்க் கோட்டையில், கூத்தன் ஆதிரையார் பின்னே நிற்க, கோ நிறைமதித் தேவி எழுதுவித்தது.

முழுதும் படிக்கக் கேட்டு, மறுபடியும் கையை நீட்டினோம். அரக்கு உருகிவிட்டது என்கிறார் கூத்தர்.